ஈஸ்டர் மதியத்து இலை

திண்டிவனம்
8 ஜூன் 2025

அன்புள்ள மாமா,

இப்படி எழுதிவிட்டுச் சற்று நேரம் பேனாவை மூடி வைத்தேன். கல்யாணமான மறுவருடம் நீங்கள் பஹ்ரைனுக்குப் போன புதிதில், வாரம் ஒரு முறை இந்த இரண்டு சொற்களை எழுதியிருக்கிறேன். பிறகு வீட்டுக்குப் போன் வந்தது. கூப்பிட ஒரு பெயர் தேவைப்படாமல் போயிற்று. “ம், சொல்லுங்க” என்றாலே போதும்.

விழுப்புரத்துக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். போனை எடுத்தால் அதுவும் இல்லை. ஆனால் போனில் நாம் என்ன பேசுகிறோம்? “சாப்ட்டியா?” “ஆச்சு. நீங்க?” “ஆச்சு.” “சரி, வெக்கட்டா?” ஈஸ்டருக்குப் பிறகு நீங்கள் உங்கள் கோழிக்கடைக்கு மேலேயே ரூம் எடுத்துத் தங்கிவிட்டதிலிருந்து தினமும் இதுதான். நீங்கள் கடல் தாண்டி இருந்தபோதும் இதுதான். ஊர் மாறியிருக்கிறது, பேச்சு மாறவில்லை.

நேற்று உங்கள் தங்கை ரோஜா கண்டமங்கலத்திலிருந்து வந்தாள். ஒரு பை நிறைய மல்லாட்டை கொண்டுவந்தாள். உரித்துக்கொண்டே, “அண்ணனுக்கு மறுபடி விசா வந்துக்கிதாமே அண்ணி, ஒனக்குத் தெரியும்தானே?” என்றாள். தெரியும் என்றேன். தெரிந்தவளைப் போலவே தொடர்ந்து உரித்துக்கொண்டிருந்தேன். அவள் போன பிறகுதான் கவனித்தேன், தோலைப் பாத்திரத்திலும் கடலையைக் குப்பையிலும் போட்டிருக்கிறேன்.

இருபது வருடம் அங்கே மனாமாவில் பிலிப்பைன்ஸ்காரர்களின் ஓட்டலில் கோழி சுட்டது போதும், இனிமேல் போகவில்லை என்று போன ஆகஸ்டில் நீங்கள்தான் சொன்னீர்கள். அதே கோழியை நம் ஊர் மக்களுக்குச் சுட்டுக் கொடுக்கிறேன் என்று டிரம்மைப் பாதியாக அறுத்துப் பின்கட்டில் அடுப்பு செய்தீர்கள். அந்த அடுப்பு அங்கேயே இருக்கிறது. போன வாரத்து மழையில் தண்ணீர் தேங்கி, சாம்பல் கறுப்பாக மிதக்கிறது. கொட்டிவிடலாம். கிட்டே போனால் வினிகரும் பூண்டும் கருகிய வெல்லமும் சேர்ந்த அந்த வாசனை இன்னும் லேசாக வருகிறது. கொட்டவில்லை.

போகாதீர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. போகிறீர்கள் என்றால் அது எனக்கு முதலில் தெரிய வேண்டும் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். ஈஸ்டரன்று நான் சாப்பிடாமல் மேசையை விட்டுப் போனது உங்களுக்கு மனக்கசப்பாக இருந்தால் அதையும் எழுதுங்கள். அதைப்பற்றி நீங்கள் இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. நானும்தான்.

ஜெசிந்தா


விழுப்புரம்
13 ஜூன் 2025

அன்புள்ள ஜெசி,

உன் கடுதாசி கடைக்கு வந்தது. போஸ்ட்மேன் நீட்டும்போது பக்கத்து டீக்கடை கண்ணையன் எட்டிப் பார்த்து, “இன்னா ராயா, கோர்ட்டு நோட்டீசா?” என்றான். “வூட்லேர்ந்துடா” என்றேன். “அதத்தான் நானும் சொல்றேன்” என்றான். அவனிடம் எதுவும் பேசி ஜெயிக்க முடியாது.

விசா வந்தது உண்மை. எங்கள் தலைமை சமையல்காரர் கூயா ரமோன் அங்கேயே சொந்தமாக ஓட்டல் திறக்கிறார். அவர்கள் பாஷையில் கூயா என்றால் அண்ணன். கரி அடுப்புக்கு நீதான் வேண்டும், வேறு ஆளைப் போட மாட்டேன் என்கிறார். இரண்டு வருட விசா. ஜூலை முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். உனக்குச் சொல்லக்கூடாது என்று மறைக்கவில்லை. ரோஜாவிடம் வாய் தவறி வந்துவிட்டது. உன்னிடம் வாய் தவறுவதற்கு நாம் பேசினால்தானே.

கடை ஓடுகிறது. முதலில் சிரித்தார்கள். “இன்னாப்பா, கறி இனிக்குது? பாயசத்துல கோழியப் போட்டுட்டியா?” என்று ஒருவர் முழு பிளேட்டையும் திருப்பிக் கொடுத்தார். இப்போது அவரே சாயங்காலம் ஆனால் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, “அந்தப் பாயசம் ஒண்ணு குடு, ஜல்தி” என்கிறார். எலுமிச்சைப் புல் இங்கே கிடைப்பது கஷ்டம். ரூம் மாடியில் இரண்டு தொட்டியில் வளர்க்கிறேன். தண்டை நசுக்கி அதையே பிரஷ் மாதிரி வைத்து எண்ணெய் தடவினால்தான் அந்த மணம் வரும்.

ஈஸ்டரைப் பற்றி எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். அன்றைக்கு நீ, “ஒங்க எலையில சாப்புட வேற ஆளப் பாருங்க” என்றாய். ரோஜா முன்னால், அவள் வீட்டுக்காரர் முன்னால். விடியலில் எழுந்து ஊறப்போட்டு, வெயிலில் நின்று சுட்ட கோழி. எனக்குப் புரிந்தது. நீ எம்.ஏ. படித்தவள். பெரிய கிளாஸ் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக் கொடுக்கிறவள். கரி பிடித்த என் கையும் உன் கையும் ஒரே இலையில் இருப்பது உனக்கு அருவருப்பு. அது தப்பு என்று சண்டை போட நான் ஆள் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நீ “போகாதீங்க” என்று சொன்னால் நிற்கிறேன். சொல்லவில்லை என்றால் போகிறேன்.

ராயன்


திண்டிவனம்
20 ஜூன் 2025

அன்புள்ள மாமா,

அருவருப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லோடு இந்த வாரம் முழுவதும் பள்ளிக்குப் போய் வந்தேன். கரும்பலகையில் எழுதும்போதும் அது கூட இருந்தது.

முதலில் உங்கள் கேள்விக்கு வருகிறேன். “போகாதீங்க” என்று நான் சொல்ல வேண்டுமாம். முதல் தடவை நீங்கள் போனபோது டிக்கெட் வந்த பிறகுதான் சொன்னீர்கள். பிறகு ஒவ்வொரு விடுமுறையிலும் திரும்பிப் போகும் நாளை நீங்கள் முடிவு செய்தீர்கள், நான் ஊறுகாய் பாட்டிலுக்குத் துணி சுற்றினேன். நமக்குப் பிள்ளை இல்லாமல் போனதற்கு டாக்டர் ஒரு காரணம் சொன்னார். நாம் சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் எனக்கு வேறொரு காரணம் தோன்றும். அப்போதெல்லாம் என்னைக் கேட்கவில்லை. இப்போது மட்டும் கேட்கிறீர்கள். நான் சொல்லி நீங்கள் நின்று, நாளைக்கு அந்தக் கடை படுத்துவிட்டால், நான் உங்கள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

இனி ஈஸ்டர். என் அம்மாவை நீங்கள் அவள் படுத்த படுக்கையாக இருந்தபோதுதான் பார்த்தீர்கள். அதற்கு முன் அவள் எப்படிச் சாப்பிடுவாள் என்று உங்களுக்குத் தெரியாது. அப்பா சாப்பிட்டு எழுந்த பிறகு, அவர் இலையிலேயே உட்காருவாள். இலை ஓரத்தில் அவர் கடித்த எலும்புகள் கிடக்கும். அவற்றை விரலால் ஒதுக்கிவிட்டுச் சோற்றைப் போட்டுக்கொள்வாள். அப்பா கெட்டவர் இல்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு நல்ல துண்டைச் சாப்பிடாமல் அவளுக்காக இலையிலேயே விட்டுவைப்பார். அவள் அதை எடுத்து என்னிடம் காட்டி, “பாத்தியா, ஒங்கப்பாவுக்கு எம்மேல எவ்ளோ ஆச” என்பாள். அந்தச் சந்தோஷத்தைத்தான் என்னால் தாங்க முடியாது. கோபப்பட்டிருந்தாலாவது பரவாயில்லை.

நிச்சயம் செய்ய வந்த அன்று நம்மைப் பின்கட்டில் கொஞ்ச நேரம் பேச விட்டார்கள். நான் உங்களிடம் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. வீட்டைப் பற்றியும் கேட்கவில்லை. “கல்யாணத்துக்கப்புறம் நான் தனி எலையிலதான் சாப்புடுவேன்” என்றேன். நீங்கள் சிரித்துவிட்டு, “எலைக்கா பஞ்சம்?” என்றீர்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் இந்தக் கல்யாணத்துக்குச் சரி என்றேன்.

ஈஸ்டரன்று நான் சமையலறையிலிருந்து தண்ணீர்ச் செம்போடு வெளியே வந்தபோது என்ன கண்டேன்? மேசை மேல் ஒரே ஒரு தலைவாழை இலை. நடுவில் நீளமாகச் சோறு, அதன் மேல் உங்கள் கோழி. நீங்கள் அதற்கு முன்பே சோற்றில் கை வைத்துப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டீர்கள். ரோஜா சிரித்துக்கொண்டே, “வா அண்ணி, அண்ணன் எலையிலயே கைய வெய்யி” என்கிறாள். அந்த நிமிடத்தில் எனக்கு நாற்பத்தைந்து வயது இல்லை. என் அம்மா எலும்பை ஒதுக்குவதைக் கதவோரம் நின்று பார்க்கும் பெண்ணாக இருந்தேன்.

உங்கள் கையைப் பற்றி எனக்கு ஒருநாளும் அருவருப்பு வந்ததில்லை. இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

ஜெசிந்தா


விழுப்புரம்
29 ஜூன் 2025

அன்புள்ள ஜெசி,

இரண்டு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். எனக்கு உன்னைப்போல எழுத வராது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நிச்சயத்தன்று நீ சொன்னதை மறந்துவிட்டேன் என்று நினைக்கிறாய். மறக்கவில்லை. ஈஸ்டரன்று அது ஞாபகத்துக்கு வரவே இல்லை, ஏனென்றால் நான் போட்டது என் இலை இல்லை.

மனாமாவில் ஓட்டல் ஆட்கள் எல்லாரும் ஒரு பழைய வீட்டில் தங்கியிருந்தோம். வெள்ளிக்கிழமைகளில் முறை வைத்து லீவு. லீவுக்காரர்கள் மத்தியானம் நீளமான மேசையில் வாழை இலைகளை ஒன்றோடொன்று சேர்த்துப் போடுவார்கள். இலை நம் பக்கத்து இலைதான், கேரளாக் கடையில் கட்டாக விற்பான். நடுவில் சோற்றை மேசை நீளத்துக்குக் கொட்டுவார்கள். அதன் மேல் சுட்ட கோழி, மீன், கத்திரிக்காய். தட்டு கிடையாது, கரண்டி கிடையாது, நாற்காலியும் கிடையாது. எல்லாரும் சுற்றி நின்று கையால் சாப்பிட வேண்டும்.

போன புதிதில் முதல் வெள்ளிக்கிழமை நான் சுவரோரம் நின்றுகொண்டேன். அவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகு மிச்சத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று. யாரும் என்னை நிற்கச் சொல்லவில்லை. எனக்கே அப்படித்தான் தோன்றியது. ஏன் தோன்றியது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் அப்பா மிஷன் பள்ளியில் வேலை பார்த்தார், நீ டவுனில் வளர்ந்தாய். நான் கண்டமங்கலத்துக் காலனியில் வளர்ந்தேன். அறுப்புக்குப் போன வீடுகளில் எங்களுக்கு இலை தனியாக, தூரமாக, கடைசியாக விழும்.

கூயா ரமோன் வந்து என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ச் சோற்றுக்குள் வைத்தார். என் வலப்பக்கம் ஒருவன், இடப்பக்கம் ஒருவன். நான் அவர்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கை வைத்ததும் அவர்கள் யாரும் கையை எடுக்கவில்லை, ஜெசி. அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த ஊரில் எனக்கு என்ன கஷ்டம் வந்தாலும் பொறுத்துக்கொண்டேன்.

அங்கே இரண்டு பழக்கம் உண்டு. ஒன்று, சுட்டவன்தான் முதலில் கை வைத்து ஒரு வாய் சாப்பிடுவான். உப்பு சரியாக இருக்கிறது, வெந்திருக்கிறது, வாருங்கள் என்று அர்த்தம். நீ பார்த்தது அதைத்தான். இன்னொன்று, நல்ல துண்டை யாரும் தானே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவன் பக்கம் தள்ளுவார்கள். அவன் உன் பக்கம் ஒன்றைத் தள்ளுவான்.

ஊருக்கு வந்த பிறகு ஒரே ஒரு தரமாவது அப்படிச் சாப்பிட வேண்டும், நீயும் நானும் ரோஜாவும் அவள் வீட்டுக்காரரும் ஒரே இலையில், என்று நினைத்தேன். முன்னாலேயே உனக்குச் சொல்லியிருக்கலாம். பார்த்ததும் ஆச்சரியப்படுவாய் என்று சொல்லாமல் விட்டேன்.

எனக்குத் தெரிந்து அந்த இலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டது நீ ஒருத்திதான். நீ கையை வைக்கவே இல்லை என்று சொல்வாய். எனக்கு அது ஒன்றுதான்.

உன் அம்மா விஷயம் எனக்குத் தெரியாது. இப்போது தெரிகிறது.

ராயன்


திண்டிவனம்
6 ஜூலை 2025

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. மன்னிப்பு என்று ஒரு வார்த்தையை எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

புதன்கிழமை ஆசிரியர் பயிற்சி என்று எங்களில் சிலரை விழுப்புரத்துக்கு அனுப்பினார்கள். சாயங்காலம் மற்றவர்கள் பஸ் ஏறிவிட்டார்கள். கடைவீதியில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் உங்கள் கடைக்கு எதிர்வரிசையில் வந்து, ஒரு தையல்கடை வாசலில் நின்றேன்.

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. விசிறியால் கரியைக் கிளப்பிக்கொண்டிருந்தீர்கள். “கூயா சிக்கன்” என்ற போர்டில் கோழிக்குத் தொப்பி போட்டு வரைந்திருக்கிறார்கள். ஒரு கல்லூரிப் பெண், “கூயாண்ணே, எனக்கு ரெக்கை வேணாம், தொடை வைங்க” என்றாள். அண்ணன் அண்ணா என்று கூப்பிடுகிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. உங்களுக்கும் வந்தது. நீங்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுகாலம் ஆகிறது. நம் வீட்டில் இருந்த எட்டு மாதத்தில் ஒருநாளும் பார்க்கவில்லை.

கூட்டம் குறைந்த நேரத்தில் ஒரு துண்டு இலையில் கொஞ்சம் சோறு போட்டு, இரண்டு துண்டு கோழியை வைத்து, நின்றபடி சாப்பிட ஆரம்பித்தீர்கள். பெரிய துண்டை விரலால் இலையின் எதிர்ப்பக்கம் தள்ளினீர்கள். அங்கே யாரும் இல்லை. சற்று நேரம் கழித்து அதை இழுத்து நீங்களே சாப்பிட்டீர்கள்.

தெருவைத் தாண்டி வந்திருக்கலாம். வரவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. திண்டிவனம் வரும்வரை அந்தத் துண்டையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஏன் தாண்டவில்லை என்று சொல்ல முயல்கிறேன். நீங்கள் இல்லாத வருடங்களில் இந்த வீட்டில் ஒரு ஒழுங்கு உண்டாகிவிட்டது. எந்தச் சன்னலை எப்போது திறப்பது, எந்த மூலையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவது என்பது எல்லாம். ஊரில் கேட்பார்கள், “எப்படித்தான் டீச்சர் தனியா இருக்கீங்க?” என்று. எனக்கு அது தனிமையாகவே தெரிந்ததில்லை. நீங்கள் வருவீர்கள் என்ற ஒன்று முன்னால் இருந்தது. வந்தீர்கள். காலையில் உங்கள் இருமல் சத்தம் கேட்டுத் தூக்கிவாரிப் போட்டு எழுந்தேன். நீங்கள் கூடத்தில் உட்கார்ந்தால் நான் மாடிக்குப் போனேன். மாடியிலிருந்து பார்த்தால், நீங்கள் பின்கட்டில் கரியைக் கிளறிக்கொண்டு தனியாக நிற்பீர்கள். இறங்கி வந்து என்ன பேசுவது என்று தெரியாது. எதிர்பார்க்க இனி யாரும் இல்லை, வந்தவரோடும் இருக்கத் தெரியவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தனிமை என்றால் என்னவென்று விளங்கியது.

ஈஸ்டர் இலை ஒரு காரணம். அது மட்டும் காரணமில்லை என்று உங்களுக்கும் தெரியும் என்று நினைக்கிறேன்.

ஜெசிந்தா


விழுப்புரம்
12 ஜூலை 2025

அன்புள்ள ஜெசி,

நீ வந்ததை நான் பார்க்கவில்லை, கண்ணையன் பார்த்திருக்கிறான். அன்றைக்கே சொன்னான். “தையக்கடையாண்ட ஒரு டீச்சரம்மா ரொம்ப நேரமா நின்னுக்கினு ஒன்னையே பாத்துக்கினு இருந்துது. சாப்பிட வெக்கப்படுதோ இன்னாவோ, போய்க் கூப்புடுடா” என்றான். பில் போட்டுக்கொண்டிருந்தேன், திரும்பிப் பார்ப்பதற்குள் யாருமில்லை. உன் கடுதாசியைப் படித்த பிறகு அவனிடம், அது என் வீட்டுக்காரி என்றேன். அவன் சிரிக்கவில்லை. ஒரு டீயை வைத்துவிட்டுப் போய்விட்டான். காசும் கேட்கவில்லை. அவன் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

நீ எழுதியது எனக்குக் கோபம் தரவில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது. நம் வீட்டில் டம்ளர் எந்த அலமாரியில் என்று உன்னிடம் கேட்காமல் எடுக்கத் தெரியாது. தப்பான கதவைத் திறப்பேன், நீ ஒன்றும் சொல்லாமல் சரியான கதவைத் திறந்து கொடுப்பாய். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அது என் வீடு என்று நினைத்திருப்பேன். விருந்தாளியைத்தான் யாரும் திட்ட மாட்டார்கள். திண்டிவனத்திலேயே கடைக்கு இடம் கிடைத்தது. உன்னிடம் சொல்லவில்லை. விழுப்புரத்தில்தான் கூட்டம் என்று சொன்னேன்.

பஹ்ரைனில் இருந்தபோது தினமும் உன்னை நினைப்பேன். இங்கே வந்த பிறகு, பஹ்ரைனில் உன்னை நினைத்துக்கொண்டிருந்ததை நினைப்பேன். இது பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

கூயா ரமோன் பாஸ்போர்ட் நகல் அனுப்பச் சொல்லி இரண்டாவது தடவையாகக் கேட்டுவிட்டார். என்னால் முடிவு எடுக்க முடியவில்லை. உன் தலையில் வைக்கிறேன் என்று கோபித்துக்கொண்டாய். சரி, வைக்கவில்லை. ஆனால் இந்தத் தடவை உன்னைக் கேட்காமல் போக மாட்டேன். உன் மனசில் இருப்பதை எழுது. அது நான் விரும்பாததாக இருந்தாலும் பரவாயில்லை.

ராயன்


திண்டிவனம்
18 ஜூலை 2025

அன்புள்ள மாமா,

போகாதீங்க.

இதை எழுதிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். ஒரு சொல்தான். இருபது வருடமாக ஒவ்வொரு முறையும் பெட்டியின் மேல் கயிறு கட்டும்போது வாயில் வந்து நின்ற சொல்.

ஆனால் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. இதைத் தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள். சொன்னால் நீங்கள் வந்துவிடுவீர்கள். நான் மறுபடி மாடிக்குப் போவேன், நீங்கள் மறுபடி தப்பான அலமாரியைத் திறப்பீர்கள், கொஞ்ச நாளில் ஈஸ்டருக்குப் பதிலாக வேறொரு பண்டிகை நமக்குக் கிடைத்துவிடும். நாம் கணவன் மனைவியாக இருக்கக் கற்றுக்கொண்டது போனிலும் விடுமுறையிலும்தான். ஒரே வீட்டில் இருக்க நமக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

அதனால் கடை அங்கேயே இருக்கட்டும். ரூமும் இருக்கட்டும். சாயங்காலம்தானே உங்களுக்கு வியாபாரம்? ஞாயிற்றுக்கிழமை நான் பூசை முடிந்து வந்துவிடுவேன். மத்தியானம் வாருங்கள். கோழியை ஊறப்போட்டுக் கொண்டுவாருங்கள், இங்கே சுடலாம். இலை நான் வாங்கி வைக்கிறேன். ஒரே இலை.

ஒரு நிபந்தனை. சுட்டவன் முதலில் கை வைக்கும் பழக்கம் அங்கேயே இருக்கட்டும். இங்கே இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வைப்போம். உப்பு குறைந்திருந்தால் சேர்ந்து தெரிந்துகொள்வோம்.

பேச ஒன்றும் இல்லாவிட்டால் பேச வேண்டாம். வாய் நிறையச் சோறு இருக்கும்போது யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ஜெசிந்தா


விழுப்புரம்
22 ஜூலை 2025

அன்புள்ள ஜெசி,

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். ரமோனுக்கு இன்னும் பதில் எழுதவில்லை. சாப்பிட்டுவிட்டு எழுதுகிறேன்.

சவுக்குக் கரி ஒரு பை எடுத்துவருகிறேன். அடுப்பில் தேங்கிய தண்ணீரை மட்டும் கொட்டி, வெயிலில் காயவிடு. சாம்பலைக் கழுவாதே.

கண்ணையன், “ஞாயித்துக்கெழம எங்க போற, பொண்ணு பாக்கவா?” என்று கேட்கிறான். ஆமாம் என்று சொல்லியிருக்கிறேன்.

ராயன்


திண்டிவனம்
28 ஜூலை 2025

அன்புள்ள மாமா,

நேற்று நீங்கள் சாயங்காலப் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போன பிறகு வீடு எப்போதும்போல ஆகிவிட்டது. எப்போதும்போல என்றால், சுவர்க்கடிகாரம் கேட்கிற வீடாக. புகை மட்டும் திரைச்சீலையில் தங்கியிருக்கிறது. பக்கத்து வீட்டம்மா மதிலுக்கு மேல் தலையை நீட்டி, “இன்னா டீச்சர், அவர் வந்துட்டாரா?” என்றார். வந்துட்டுப் போனார் என்றேன். அவர் முகத்தில் தெரிந்த இரக்கம் எனக்கு இன்று வலிக்கவில்லை.

நீங்கள் கோழியைத் திருப்பித் திருப்பிப் புல் தண்டால் எண்ணெய் தடவியதை நான் மாடியிலிருந்து பார்க்கவில்லை. கீழே, வாசற்படியில் உட்கார்ந்து பார்த்தேன். நீங்கள் கவனித்தீர்களா தெரியாது. நிறத்துக்காகச் சிவப்பு விதை போட்டுக் காய்ச்சிய எண்ணெய் சொட்டிக் கரி சீறும்போதெல்லாம் நீங்கள் ஒரு கண்ணை மட்டும் மூடுகிறீர்கள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எனக்கு அது தெரியாது.

சாப்பிடும்போது நாம் அதிகம் பேசவில்லை. கை வைக்கும் நேரத்தில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் காத்திருந்து, பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அவசரப்பட்டு, விரல்கள் இடித்துக்கொண்டன. நீங்கள் வேகமாகச் சாப்பிடுகிறீர்கள். நான் மெதுவாக. நடுவில் இருந்த சோறு உங்கள் பக்கம் குழிந்துகொண்டே வந்தது. அப்போது தொடைத் துண்டை என் பக்கம் தள்ளினீர்கள். என் கை ஒரு கணம் நின்றது. அப்பா அம்மாவுக்கு விட்டுவைத்த துண்டு நினைவுக்கு வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். நீங்கள் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். எழுந்து போகவில்லை. அதனால் எடுத்துக்கொண்டேன். பதிலுக்கு நான் ஒன்றைத் தள்ள வேண்டும் என்று நீங்கள் கிளம்பிய பிறகுதான் ஞாபகம் வந்தது. அடுத்த முறை.

இனிப்பு கொஞ்சம் தூக்கல்தான். அந்த ஸ்கூட்டர்காரர் சொன்னது சரி.

பஹ்ரைனைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று இல்லை. வாசலில் நீங்கள் செருப்பு மாட்டும்போது கேட்க நினைத்தேன். நீங்கள் குனிந்திருந்தீர்கள், உங்கள் பின்தலையில் இவ்வளவு நரை இருப்பதை அப்போதுதான் பார்த்தேன். கேள்வி போய்விட்டது.

இதை எழுதுவதற்குக் காரணம் வேறு. நீங்கள் போன பிறகு மேசையைச் சுத்தம் செய்யப் போனேன். இலையை மடிக்க வேண்டும். தன் பக்கம் மடித்தால் உறவு தொடர வேண்டும் என்று அர்த்தம், எதிர்ப்பக்கம் மடித்தால் துக்க வீட்டுச் சாப்பாடு. இதைச் சின்ன வயதிலிருந்து கை தானாகச் செய்கிறது. நேற்று கை நின்றுவிட்டது. நாம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். என் பக்கம் மடித்தால் அது உங்களுக்கு எதிர்ப்பக்கம். உங்கள் பக்கம் மடித்தால் எனக்கு. இலையின் இரண்டு ஓரத்தையும் மாறி மாறிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பள்ளியில் பிள்ளைகளுக்கு எத்தனையோ எல்லைப் பிரச்சினைகளைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இதற்கு எனக்கு விடை தெரியவில்லை.

இலை இன்னும் மேசை மேல் விரித்தபடி கிடக்கிறது. ஓரம் சுருள ஆரம்பித்துவிட்டது. எறும்பு வந்துவிட்டது. இந்தக் கடிதத்தை முடித்ததும் எடுத்துப் போட்டுவிடுவேன், மடிக்காமலே.

உங்கள் நாற்காலியை எடுத்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறேன்.

ஜெசிந்தா


விழுப்புரம்
31 ஜூலை 2025

அன்புள்ள ஜெசி,

ரமோனுக்கு எழுதிவிட்டேன். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் கூயா, நல்ல கை உள்ள பையன்கள் அங்கேயே இருக்கிறார்கள் என்று. அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். “உன் மேசையில் எத்தனை பேர்?” என்று மட்டும் கேட்டார். இரண்டு பேர் என்றேன்.

அங்கே நாங்கள் நின்றுகொண்டேதான் சாப்பிடுவோம். நாற்காலி போட்டால் அது வேறு சாப்பாடு ஆகிவிடும் என்பார்கள். இருந்தாலும் நீ பக்கத்தில் போட்டுவிட்டாய். உட்காருகிறேன்.

இந்தத் தடவை வெல்லத்தைக் குறைத்து ஊறப்போடுகிறேன்.

ராயன்